மின்சாரம் நின்ற வீடு

2013 ஆம் ஆண்டு டிசெம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு றிச்மண்ட் ஹில்லில் இருக்கிறது. அங்கிருந்து பேவியூ வீதியில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குக் காரில் ஐந்து நிமிடத்தில் போய்விடலாம்.

அன்று காலையில் எழும்பியபோது என் மூக்கு குளிர்ந்துபோய் இருந்தது. மேசை மணிக்கூட்டில் நேரம் தெரியவில்லை. யன்னலால் வெளியே பார்த்தேன். மரங்கள் எல்லாம் கண்ணாடியால் செய்தவை போல மினுங்கின. ஒவ்வொரு கிளையிலும் ஐஸ். ஒவ்வொரு கம்பியிலும் ஐஸ். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை "சடார்" என்று ஒரு கிளை முறிந்து விழும் சத்தம் கேட்டது.

இதை உறைமழை என்று சொல்வார்கள். வானத்திலிருந்து மழையாகத்தான் விழும். கிளையிலோ கம்பியிலோ பட்டவுடன் ஐஸ் ஆகிவிடும். ஐஸ் பாரமானது. பாரம் தாங்காமல் கிளைகள் முறிந்து மின்கம்பிகளின் மேல் விழுந்தன. ரொறன்ரோ நகரத்தில் மட்டும் ஏறத்தாழ 300,000 மின் இணைப்புகள் நின்றுபோயின. நத்தார் நாள் வந்த பிறகும் பல வீடுகள் இருட்டில் இருந்தன. எங்கள் வீட்டில் மூன்று நாட்கள் மின்சாரம் இல்லை.

மின்சாரம் இல்லை என்றால் வெளிச்சம் இல்லை, தொலைக்காட்சி இல்லை என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் வீடும் குளிரத் தொடங்கியது. அது எனக்கு விளங்கவில்லை.

"அப்பா, எங்கட ஹீற்றர் காஸிலதானே வேலை செய்யுது? காஸ் வருகுதுதானே?" என்று கேட்டேன்.

அப்பா ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு என்னை பேஸ்மென்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஃபேர்னஸ் இருக்கிறது. அதுதான் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம். "காஸ் வருகுதுதான். காஸ் எரிஞ்சா காற்று சூடாகும். ஆனா அந்தச் சூட்டுக் காற்றை மேல தள்ளுறதுக்கு ஒரு ஃபான் வேணும். ஃபானுக்கு மின்சாரம் வேணும். ஃபான் சுத்தாட்டி இது காஸை எரிக்காது" என்று அப்பா சொன்னார்.

உங்கள் வீட்டிலும் காஸ் ஃபேர்னஸ் இருந்தால் பெரும்பாலும் இதே கதைதான். ஒன்றை நம்பி இன்னொன்று இருக்கிறது.

எதிர் வீட்டுக் கூரையில் சூரியத் தகடுகள் இருந்தன. "அவையளுக்கு மட்டும் கரண்ட் இருக்கும்" என்று நான் சொன்னேன். இல்லை, அந்த வீடும் இருட்டாகத்தான் இருந்தது. தகடுகளின் மேல் ஐஸ் மூடியிருந்தது ஒரு காரணம். ஐஸ் இல்லாவிட்டாலும் அவை வேலை செய்திருக்காது. வீதியில் மின்சாரம் நின்றால், இப்படியான தகடுகள் தாமாகவே நின்றுவிடும். ஏன்? கூரையில் உண்டாகும் மின்சாரம் வீதிக் கம்பிக்குள் போனால், கம்பியைத் திருத்துகிற தொழிலாளிக்கு அது அடித்துவிடும். தனியாக ஒரு பற்றரியும், வீட்டை வீதியிலிருந்து பிரித்துவிடும் ஓர் ஆளியும் இருந்தால்தான் அந்த நேரத்தில் பாவிக்கலாம்.

அம்மம்மா அவ்வளவாகப் பயப்படவில்லை.

"இதென்ன பெரிய விசயம்? நாங்கள் வருசக்கணக்கா கரண்ட் இல்லாமல் இருந்தனாங்கள்" என்றார்.

அம்மம்மா யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலில் இருந்தவர். 1990 ஆம் ஆண்டு போர் நடந்தபோது யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பெற்றோல், சவர்க்காரம், பற்றரி போன்ற பல பொருட்கள் வருவதும் தடைப்பட்டது. கொஞ்ச மண்ணெண்ணெய் கிடைத்தாலும் விலை மிக அதிகம். அதனால் மக்கள் ஜாம் போத்தலில் விளக்குச் செய்தார்கள். போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். மூடியில் துளையிட்டு, சைக்கிள் ரியூப்பின் வால்வைத் திரிக்குழாயாக வைப்பார்கள். சின்னச் சுடர்தான் வரும். அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினார்கள். செய்தி கேட்க வேண்டும் என்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் றேடியோ பாடும். சவர்க்காரம் இல்லாதபோது பனங்காயைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள்.

"நல்லா இருந்திருக்கும் அம்மம்மா!" என்று நான் சொன்னேன்.

"நல்லாயோ? உதை ஆசைப்பட்டுச் செய்யேல்லை பிள்ளை. வேற வழி இல்லாமல் செய்தது" என்றார் அம்மம்மா. அவர் அதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

அன்று பின்னேரம் அம்மம்மாதான் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். முழு வீட்டையும் சூடாக வைத்திருக்க முடியாது. ஓர் அறையைச் சூடாக வைத்திருக்கலாம். தெற்குப் பக்கம் வெயில் விழுகிற அறையைத் தெரிவு செய்தோம். வாசலிலும் யன்னல்களிலும் போர்வைகளையும் பழைய சேலைகளையும் தொங்கவிட்டோம். ஐந்து பேரும் அந்த ஓர் அறையில் படுத்தோம். ஐந்து பேரின் உடம்புச் சூடே அந்த அறைக்கு ஒரு சின்ன ஹீற்றர். ஃபிறிட்ஜில் இருந்த பாலையும் மீனையும் ஒரு பெட்டியில் போட்டு, மூடியைக் கட்டிப் பின்வாசலில் வைத்தோம். வெளியே முழுவதும் ஃபிறிட்ஜ்தானே! எங்கள் அடுப்பு காஸ் அடுப்பு. அதைத் தீக்குச்சியால் பற்றவைக்கலாம். யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து அம்மா சோறும் சொதியும் செய்தார். சமையல் முடிந்ததும் அடுப்பை நிற்பாட்டிவிட்டார்.

இரண்டாம் நாள் இரவு குளிர் கூடியது. அப்போது அம்மம்மா, "பாபிக்கியூக் கரி கிடக்குத்தானே, ஒரு சட்டியில மூட்டி அறைக்குள்ள வைப்பமே?" என்று கேட்டார்.

அம்மா பதறிவிட்டார். "ஐயோ, வேண்டாம் அம்மா! கரி எரிஞ்சா ஒரு நச்சு வாயு வரும். மணம் இல்லை, கண்ணுக்கும் தெரியாது. நித்திரையிலேயே ஆளைக் கொண்டுபோடும்."

"ஊரில குசினிக்குள்ள நெருப்பு எரிச்சனாங்கள்தானே?"

"ஊர்க் குசினிக்குக் கூரைக்குக் கீழ இடைவெளி இருந்தது. இந்த வீடு போத்தல் மாதிரி மூடிக் கிடக்கு அம்மா."

அந்த வாயுவுக்குக் கார்பன் மொனொக்சைட் என்று பெயர். அந்தப் புயல் நாட்களில் ஒன்ராறியோவில் சிலர் இதனால் இறந்தார்கள். கரி அடுப்பையும் ஜெனறேற்றரையும் வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ ஒருபோதும் வைக்கக்கூடாது. அம்மம்மாவுக்கு எத்தனையோ விடயங்கள் தெரியும். இது ஒன்று தெரியாது. ஊரில் அது தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் இரவு ஃபேர்னஸ் "ஹூம்" என்று சத்தம் போட்டது. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

ஊதுபத்திப் புகை

போர்வை தொங்கவிட்ட அறை ஏன் மற்ற அறைகளைப் போல் கெதியாகக் குளிரவில்லை? இந்தக் கேள்வி அப்பாவை விடவில்லை. ஜனவரியில் எரிவாயு பில் வந்ததும் அவர் அதை மேசையில் விரித்து வைத்தார்.

கனடாவில் ஒரு வீடு பாவிக்கும் சக்தியை நூறு பங்காகப் பிரித்துப் பாருங்கள். ஏறத்தாழ அறுபது பங்கு வீட்டைச் சூடாக்கவே போகிறது. இன்னும் ஏறத்தாழ இருபது பங்கு தண்ணீரைச் சூடாக்கப் போகிறது. மின்குமிழ்களுக்குப் போவது மிகச் சிறிய பங்கு. "லைற்றை நிப்பாட்டு" என்று பெரியவர்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார்கள். சொல்லட்டும், நல்லதுதான். ஆனால் அதே வீட்டில் முன்கதவின் கீழே ஒரு விரல் அகல இடைவெளி இருக்கும். அதை ஒருவரும் பார்ப்பதில்லை.

இன்னொரு விடயமும் இருக்கிறது. ஒன்ராறியோவின் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி அணுமின் நிலையங்களிலிருந்து வருகிறது. ஏறத்தாழ கால் பங்கு நயாகரா போன்ற இடங்களில் விழும் தண்ணீரிலிருந்து வருகிறது. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுப்பதை ஒன்ராறியோ 2014 ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. ஆகவே எங்கள் வீடு உண்டாக்கும் புகையில் பெரிய பங்கு மின்குமிழிலிருந்து வரவில்லை. பேஸ்மென்டில் எரியும் காஸிலிருந்துதான் வருகிறது.

சூடு எங்கே வெளியே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அம்மம்மா சுவாமி அறையிலிருந்து ஓர் ஊதுபத்தியைக் கொண்டுவந்தார்.

காற்று வீசும் ஒரு குளிர்நாளில் யன்னல், கதவு எல்லாவற்றையும் மூடினோம். ஊதுபத்தியைக் கொளுத்தி, சுவர் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோனோம். புகை நேராக மேலே போனால் அங்கே ஓட்டை இல்லை. புகை வளைந்தாலோ நடுங்கினாலோ அங்கே காற்று வருகிறது. நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். திரைச்சீலைக்குக் கிட்டப் போகக்கூடாது.

முன்கதவின் அடியில் புகை வளைந்தது. அது எங்களுக்குத் தெரிந்ததுதான். வெளிச்சுவரில் இருந்த மின்செருகியிலும் புகை நடுங்கியது. பேஸ்மென்டில் சுவரும் மரச்சட்டமும் சேரும் இடத்தில் நன்றாக வளைந்தது. ஆனால் பெரிய ஓட்டை மேலே இருந்தது. கூரைக்குக் கீழே உள்ள இடத்துக்கு ஏறிப் போக ஒரு சின்ன மரக்கதவு உண்டு. அதைச் சுற்றிப் புகை ஓடி மறைந்தது. சூடான காற்று மேலே போகும் அல்லவா? எங்கள் வீட்டுச் சூடு இரவு பகலாக அந்த வழியால் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் காசு கொடுத்து வானத்தைச் சூடாக்கினோம்.

அப்பா றப்பர் பட்டி வாங்கி அந்த மரக்கதவைச் சுற்றி ஒட்டினார். முன்கதவுக்கும் ஒட்டினார். அம்மம்மா பழைய சேலையில் மண் நிரப்பி நீளமாக ஒரு பாம்பு தைத்தார். அது இன்னும் எங்கள் பின்கதவின் அடியில் படுத்திருக்கிறது. அடுத்த வருடம் கூரைக்குக் கீழே பஞ்சு கூடுதலாகப் போடுவித்தோம். அது சுவெற்றர் போல. பஞ்சுக்குள் நிற்கும் காற்றுத்தான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. இரவில் தெர்மோஸ்டாற்றை 17 பாகைக்கு இறக்கினோம். முதல் வாரம் நான் முறைப்பட்டேன். பிறகு பழகிவிட்டது.

தண்ணீர் ஏறி வரும் பாதை

குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. எங்கிருந்து வருகிறது? றிச்மண்ட் ஹில்லுக்குத் தண்ணீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருகிறது. ஆனால் எங்கள் ஊர் ஏரியை விட 150 மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் தானாக மேட்டில் ஏறாது. பம்பு போட்டு ஏற்றுகிறார்கள். பம்புக்கு மின்சாரம் வேண்டும். நீங்கள் பல் தீட்டும்போது குழாயைத் திறந்து விட்டால், அவ்வளவு தூரம் மேடேறி வந்த தண்ணீர் சும்மா போகிறது.

அது போகும் இடமும் ஏரிதான். ஆனால் மழைத்தண்ணீருக்கு வேறு பாதை. றிச்மண்ட் ஹில்லின் வடக்குப் பக்கத்தில் ஓக் றிட்ஜஸ் மொறைன் என்ற நீளமான மேட்டுநிலம் இருக்கிறது. பனிக்காலத்துப் பெரும் பனிப்பாறைகள் உருகியபோது விட்டுச்சென்ற மணலும் சரளைக்கல்லும்தான் அந்த மேடு. அதன் நீளம் ஏறத்தாழ 160 கிலோமீற்றர். மழை பெய்தால் அது கடற்பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சிக் கீழே வைத்திருக்கும். பிறகு மெதுவாக ஊற்றாக விடும். ஹம்பர், டொன், றூஜ் ஆகிய மூன்று ஆறுகளின் ஊற்றுகளும் சிற்றோடைகளும் எங்கள் ஊர்ப் பக்கம் தொடங்குகின்றன. அந்த மேட்டைப் பாதுகாக்க 2001 ஆம் ஆண்டில் ஒன்ராறியோ ஒரு சட்டம் இயற்றியது.

இதைக் கேட்டதும் அம்மம்மா, "எங்கட ஊர் மாதிரித்தான்" என்றார். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல் இருக்கிறது. மாரி மழை அந்தக் கல்லின் இடுக்குகளில் இறங்கி நிற்கும். கிணற்றில் அதைத்தான் அள்ளுவார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல்நீர் உள்ளே வந்து கிணறு உவர்த்துவிடும். அதனால் அம்மம்மா மழையை வீணாக விடமாட்டார்.

வசந்த காலத்தில் கூரைத் தண்ணீர் விழும் குழாயின் கீழே 200 லீற்றர் பீப்பா ஒன்று வைத்தோம். ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். எங்கள் கூரையின் பின்பக்கம் 40 சதுர மீற்றர். 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் எத்தனை லீற்றர்? 400. பீப்பா இரண்டு தடவை நிறையும்! முதல் மழையிலேயே தண்ணீர் வழிந்து ஓடியதைப் பார்த்து அம்மம்மா இன்னொரு பீப்பா கேட்டார்.

அந்தத் தண்ணீர் செடிகளுக்கு மட்டும். கூரையில் பறவை எச்சம் இருக்கும், குடிக்கக் கூடாது. நுளம்பு முட்டையிடாமல் மேலே வலை போட வேண்டும். இன்னொன்றும் உண்டு. அதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். ஒக்ரோபர் கடைசியில் பீப்பாவை வெறுமையாக்க வேண்டும். நாங்கள் மறந்துவிட்டோம். தண்ணீர் ஐஸ் ஆகும்போது பெருக்கும். அடுத்த வசந்தத்தில் பார்த்தால் பீப்பா மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது.

வளவில் விளைந்தது

எங்கள் பின்வளவு முழுவதும் களிமண். மண்வெட்டி இறங்கவில்லை. "இது மண்ணில்லை, சட்டி செய்யிற களி" என்று அம்மம்மா சொன்னார். ஆகவே முதலில் மண்ணைத் திருத்த வேண்டியிருந்தது. தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல், மரக்கறித் தோல், இலையுதிர் காலத்தில் கூட்டிய சருகு எல்லாவற்றையும் ஒரு மூலையில் குவித்து, இடைக்கிடை பிரட்டிவிட்டோம். அடுத்த வருடம் அது கறுப்பான கூட்டெரு ஆகிவிட்டது. இறைச்சி, மீன் எலும்பு அதில் போடவில்லை. போட்டால் றக்கூன் குடும்பமாக வந்துவிடும்! அவற்றைப் பச்சைத் தொட்டியில் போடுகிறோம். சாப்பாட்டுக் கழிவைக் குப்பைப் பையில் கட்டி எறிந்தால், குப்பைமேட்டின் உள்ளே காற்றில்லாமல் அழுகும். அப்போது மீதேன் என்ற வாயு வரும். அது பூமியைச் சூடாக்கும். (நீலப் பெட்டி எங்கே பிறந்தது தெரியுமா? இங்கேயிருந்து அதிகம் தூரமில்லை. 1981 ஆம் ஆண்டு ஒன்ராறியோவின் கிச்சினர் நகரத்தில்தான் முதலில் பரீட்சித்துப் பார்த்தார்கள்.)

மார்ச் மாதத்தில் அம்மம்மா யோகட் டப்பாக்களில் மிளகாய் விதையும் தக்காளி விதையும் போட்டு யன்னலில் வைத்தார். மே மாதத் தொடக்கத்தில் நல்ல வெயில் எறித்தது. "இனிப் பயமில்லை" என்று எல்லா நாற்றுகளையும் வெளியே நட்டுவிட்டார். நான்காம் நாள் இரவு உறைபனி. விடிய எழும்பிப் பார்த்தால் மிளகாய்க் கன்றுகள் எல்லாம் அவித்த கீரை போலக் கறுத்துத் தொங்கின. அம்மம்மா அன்று காலை தேத்தண்ணி குடிக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிதான் வேலிக்கு மேலாகக் கையை ஆட்டி, "விக்ரோறியா டே! விக்ரோறியா டே!" என்று சொன்னார். மே மாதத்தில் வரும் அந்த விடுமுறைக்குப் பிறகுதான் இங்கே மிளகாய் நட வேண்டும். அந்தப் பாட்டி ஆறு தக்காளிக் கன்றுகளும் தந்தார். இரண்டு பேருக்கும் ஒரே மொழி இல்லை. ஆனாலும் அந்தக் கோடை முழுக்க வேலியடியில் கதைத்தார்கள்.

இப்போது எங்கள் வளவில் தக்காளி, மிளகாய், முளைக்கீரை, பயிற்றங்காய், பாவற்காய் வருகின்றன. பயிற்றங்காய்க்கும் பாவற்காய்க்கும் சூடு வேண்டும். அவை ஜூலையில்தான் உற்சாகமாகப் படரும். ஓகஸ்டில் ஒரேயடியாகக் காய்க்கும். அப்போது அம்மா மோர்மிளகாய் போடுவார், பாவற்காய் வற்றல் போடுவார். மிச்சத்தை வெட்டி ஃபிறீசரில் வைப்போம். பெப்ரவரியில் அந்தப் பயிற்றங்காய்க் கறியைச் சாப்பிடும்போது ஒருவரும் கதைப்பதில்லை.

எல்லாம் நாங்களே விளைவிக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் சோற்றில் ஒரு பருக்கைகூட எங்கள் வளவில் விளைந்ததில்லை. தேங்காய் கப்பலில் வருகிறது. அப்பா ஒரு தடவை கணக்குப் பார்த்தார். கோடையில் நாங்கள் வாங்கும் மரக்கறியில் பாதி குறைந்திருந்தது. குளிர்காலத்தில் ஒன்றும் குறையவில்லை. காஸ் பில்லோ வருடம் முழுவதும் குறைந்திருந்தது. "அப்ப கூரைக் கதவுதான் வெண்டது" என்று அப்பா சொன்னார். அம்மம்மா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. "கூரைக் கதவைக் கறி வைக்கேலுமோ?" என்று கேட்டார்.

வீட்டுக்குள் அம்மம்மாவின் கறிவேப்பிலை மரமும் இருக்கிறது. சாடியில் ஒரு சாண் உயரத்தில் தொடங்கியது. கோடையில் அது வெளியே நிற்கும். செப்ரெம்பர் கடைசியில் உள்ளே வரும். இப்போது அது என் தோள் அளவுக்கு வளர்ந்துவிட்டது. போன வருடம் அதை வாசலால் உள்ளே கொண்டுவர இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அம்மம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, "கெதியாக் கொண்டு வாங்கோ பிள்ளையள், சூடெல்லாம் வெளியில போகுது!" என்று சத்தம் போட்டார்.